ஆச்சிக்கு மூன்று கட்டை

எங்கள் வீட்டில் மொத்தம் ஐந்து பேர். நான், மனைவி, பத்தாவது படிக்கும் பையன், ஆறாவது படிக்கும் பெண், என் அம்மா. ஆறாவதாக ஒரு கீபோர்டு. ஹாலில் பீரோவுக்கும் டி.வி.க்கும் நடுவே, பழைய பெட்ஷீட் போர்த்திக்கொண்டு சுகமாகப் படுத்திருக்கும். எனக்குக்கூட அந்த வீட்டில் நிரந்தரமாக ஒரு இடம் கிடையாது.

கே.கே. நகரில் இரண்டாவது மாடி. லிஃப்ட் இல்லை. காலையில் தெருவுக்குச் சத்தம் சப்ளை செய்பவர்கள் பலர். கோயில் ஸ்பீக்கரில் சுப்ரபாதம், தண்ணீர் லாரி ஹாரன், கீழ் வீட்டு மாமாவின் ரேடியோ. ராத்திரி எட்டரை மணிக்கு எங்கள் முறை. குடும்ப ஜெபம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் (சில நாள் பின்னால், இட்லியா உப்புமாவா என்பதைப் பொறுத்தது) எல்லோரும் பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டு, வேதபுத்தகத்தில் ஒரு அதிகாரம், ஒரு ஜெபம். மொத்தம் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் எங்கள் வீட்டில் நடக்கும் யுத்தங்கள் பழைய ஏற்பாட்டில்கூடக் கிடையாது.

பெண் பாதி ஜெபத்தில் தூங்கிவிடுவாள். பையனுக்குச் சரியாக அப்போதுதான் காலில் கொசு கடிக்கும். என் மொபைலில் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் 'டிங்' என்று கூப்பிடும். மனைவி மூடிய கண்ணைத் திறக்காமலே என்னை முறைப்பாள். கல்யாணமானவர்களுக்கு இது எப்படி என்று விளக்க வேண்டியதில்லை. ஆகாதவர்கள் காத்திருங்கள்.

எதற்கும் அசையாதவர் அம்மா ஒருவர்தான். சொந்த ஊர் மெஞ்ஞானபுரம், திருநெல்வேலிச் சீமை. (இப்போது தூத்துக்குடி மாவட்டம். அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள்!) வயது 74. பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வார், திறக்க மாட்டார். நூறு கீர்த்தனையாவது மனப்பாடம். பல்லவியில் ஆரம்பித்தால் கடைசிச் சரணம் வரை ஒரு வார்த்தை நழுவாது. சுருதி ஐந்து கட்டை. எங்கள் யாருக்கும் அந்த உயரம் எட்டாது. நாங்கள் பாடுவதாக உதட்டை அசைப்போம், அம்மா பாடுவார். கீழே மாமா ரேடியோவை அணைத்துவிடுவார்.

''உங்காத்துப் பாட்டி நேத்து பாடினது சங்கராபரணம்தானே?'' என்று மறுநாள் மாடிப்படியில் கேட்பார். நான் ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்ப்பேன். பாட்டின் தலையிலேயே ராகம், தாளம் போட்டிருக்கும். சங்கராபரணம்தான். 'எங்கள் கீர்த்தனை, உங்கள் ராகம்' என்று நான் சொல்ல, ''ராகத்துக்கு ஏது ஓய் ஆத்துக்காரா?'' என்பார் மாமா.

* * *

கீபோர்டு வந்த கதை 2020-ல் ஆரம்பிக்கிறது. மார்ச் மாதம் ஊரடங்கு. சர்ச் பூட்டியாகிவிட்டது. ஞாயிறு ஆராதனை ஜூம் மீட்டிங்கில். ஐயர் வீட்டிலிருந்து பேசினார். எங்கள் ஊர்ப் பக்கம் பாதிரியாரை 'ஐயர்' என்போம். கீழ் வீட்டு மாமா முதல் தடவை கேட்டபோது கொஞ்சம் குழம்பித்தான் போனார்.

பிரசங்கம் ஒழுங்காகப் போயிற்று. பிறகு ஐயர், ''எல்லாரும் மைக்கை ஆன் பண்ணுங்க, சேர்ந்து பாடுவோம்'' என்றார். ஐம்பது அறுபது குடும்பங்கள் ஒரே சமயத்தில் வாயைத் திறந்தன. ஆண்டவரே! பாபேல் கோபுரத்தில் பாஷை குழம்பியது என்று படித்திருக்கிறோம். தாளமும் குழம்பினால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரு வீடு பல்லவியில், ஒரு வீடு அனுபல்லவியில், நடுவில் யாரோ வீட்டுக் குக்கர் விசில்.

விஷயம் எளிது. காற்றில் சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரே ஹாலில் பத்து மீட்டர் தள்ளி நிற்பவர் பாடுவது விநாடியில் நூறில் மூன்று பங்கு நேரத்தில் என் காதுக்கு வந்துவிடும். அதுவரை தாளம் தாங்கும். அதற்கு மேல் தாமதமானால் ஒருவர் மற்றவருக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பார். அவர் இவருக்காகக் காத்திருப்பார். பாட்டு நொண்டும். ஜூமில் என் குரல் கம்பி வழியாக எங்கேயோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போய்த் திரும்பி அடுத்த தெருவுக்கு வருவதற்குள் இதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகிவிடுகிறது. போதாக்குறைக்கு, ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசுவார் என்று நம்புகிற ஏற்பாடு அது. நடுவில் கேட்கிற சங்கீதத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும்.

'ஏன், இன்டர்நெட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்து பாடவில்லையா?' என்று கேட்கலாம். 2010-ல் எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 12 நாடுகளைச் சேர்ந்த 185 பேரைப் பாட வைத்து வீடியோ வெளியிட்டார். பிரமாதம்தான். ஆனால், ஒவ்வொருவரும் தனித்தனியே அவரவர் ரூமில் பாடி அனுப்பியதை ஒட்டித் தைத்தது அது. ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழவில்லை.

எங்கள் ஐயர் அடுத்த வாரமே, ''எல்லாரும் மைக்கை ஆஃப் பண்ணிட்டு அவங்கவங்க வீட்ல பாடுங்க'' என்று சொல்லிவிட்டார். ஆக, அந்த வருஷம் முழுக்க எங்கள் சர்ச் கொயர் என்பது பாயில் உட்கார்ந்த ஐந்து பேர். தலைமை அம்மா.

பையனுக்கு அப்போது பத்து வயது. ஸ்கூல் இல்லை, சிவன் பார்க் பூட்டு, வீட்டுக்குள்ளேயே கிரிக்கெட் ஆடி டியூப்லைட்டை உடைத்த பிறகு, மனைவி ஒரு பழைய கீபோர்டை யாரிடமோ விலை பேசி வாங்கிப் போட்டாள். வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டான். நான் மனதுக்குள் பெருமைப்பட்டேன். வெளியே சொல்லவில்லை. அப்பா என்றால் அப்படித்தானே?

* * *

தகராறு அதற்குப் பிறகு. எனக்கு ஹார்மோனியம் கொஞ்சம் வரும். சின்ன வயதில் ஊர்க் கோயில் வாத்தியாரிடம் கற்றது. (சர்ச்சையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) ஒரே பாட்டை ஒரு கட்டையில் வாசிக்க வேறு விரல், ஐந்து கட்டையில் வேறு விரல். கறுப்புக் கட்டையில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போதெல்லாம் மொழியில் பிரம்பு விழும். அப்படிக் கற்றவன் நான்.

என் மகன் என்ன செய்கிறான்? 'டிரான்ஸ்போஸ்' என்று ஒரு பட்டன். அதை அமுக்கிவிட்டு, எந்தப் பாட்டானாலும் தனக்குப் பழக்கமான வெள்ளைக் கட்டையிலேயே வாசிக்கிறான். மெஷின் அதுவாகவே சுருதியை ஏற்றியோ இறக்கியோ கொடுத்துவிடுகிறது.

''இது ஏமாத்து வேலைடா'' என்றேன்.

''எப்படிப்பா ஏமாத்து?''

''விரல் கஷ்டப்படணும்.''

''பாட்டு நல்லா வரணுமா, விரல் கஷ்டப்படணுமா?''

பதில் தெரியாதபோது அப்பாக்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தேன். ''ஜெபத்தில கீபோர்டு வேண்டாம். வாயால பாடினா போதும்'' என்று சட்டம் போட்டேன். மனைவி கண்ணைத் திறந்துகொண்டே முறைத்தாள். பெட்ஷீட் போர்த்தப்பட்டது.

ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் இதையெல்லாம் புலம்பினேன். சங்கீதம் தெரிந்த நண்பர் ஒருவர் சிரித்தார். ''இர்விங் பெர்லின் தெரியுமா? 'ஒயிட் கிறிஸ்துமஸ்' எழுதினவர். அவருக்குப் பெரும்பாலும் கறுப்புக் கட்டையில மட்டும்தான் வாசிக்க வரும். கீழே ஒரு நெம்புகோல் வச்ச பியானோ வாங்கிக்கிட்டார். திருப்பினா சுருதி மாறும். அந்தப் பியானோவை அமெரிக்காவில மியூசியத்தில வச்சிருக்காங்க'' என்றார். உலகத்தின் மிகப் பிரபலமான கிறிஸ்துமஸ் பாட்டுகளில் ஒன்றை எழுதியவர் யூதர். அவரும் என் மகன் கட்சி! அன்று தயிர் சாதம் இறங்கவில்லை.

அத்தோடு விட்டாரா? ''ஹார்மோனியம் மட்டும் என்ன ஒழுங்கு? பஜனை கோஷ்டிகள்ல ஸ்கேல் சேஞ்சர் ஹார்மோனியம் பார்த்ததில்லையா? கட்டைகளை அப்படியே நகர்த்தி வச்சுக்கலாமே!'' என்றார். பார்த்திருக்கிறேன். மறந்திருந்தேன். மறப்பதற்கு வசதியாக இருந்தது.

* * *

நான் பாதுகாக்க நினைத்த 'பழைய முறை' எவ்வளவு பழையது என்று யோசித்துப் பார்த்தேன். கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

அம்மா பாடும் கீர்த்தனைகளில் பல தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் இயற்றியவை. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்து, ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் தஞ்சாவூரில் படித்தவர். பிற்பாடு ராஜாவான சரபோஜியும் ஸ்வார்ட்ஸின் மாணவர்தான். சாஸ்திரியாருக்கும் பின்னால் வந்த புதிய பாதிரிமார்களுக்கும் வேதபுத்தக மொழிபெயர்ப்பு, பாட்டு, ஜாதி எல்லாவற்றிலும் தகராறு. ஜாதி விஷயத்தில் சாஸ்திரியார் பக்கம் நிற்க என்னால் முடியாது. பாட்டு விஷயத்தில் நிற்கலாம். ஆராதனை என்றால் ஐரோப்பிய மெட்டு என்றிருந்த காலத்தில், நம் ராகத்திலும் தாளத்திலும் பாடலாம் என்று பிடிவாதமாக எழுதிக் குவித்தவர். அன்றைக்கு அதுதான் புதுசு!

அந்த மாதிரிப் பாட்டுகளைத் திரட்டிப் புத்தகமாகப் போட்டவர் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப். வருஷம் 1853. வாயிலிருந்து காதுக்குப் போய்க்கொண்டிருந்த பாட்டு அச்சுக்கு வந்தது. அதாவது, அம்மா திறக்காமல் மடியில் வைத்திருக்கும் அந்தப் புத்தகமே ஒரு காலத்து டெக்னாலஜி.

சரி, ஹார்மோனியமாவது பாரம்பரியமா? பிரான்ஸிலிருந்து கப்பல் ஏறி வந்தது. 'கமகம் வராது, நம் சங்கீதத்தைக் கெடுக்கும்' என்று 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. தடை தளர 1971 ஆயிற்று. கோயில் வாத்தியார் எனக்குப் பிரம்பால் கற்பித்தது அப்படியொரு சந்தேகக் கேஸ்!

எல்லாவற்றுக்கும் மேலே ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, தஞ்சாவூரில் குடியேறிய சித்த வைத்தியர். கிறிஸ்தவர். வைத்தியத்தில் சம்பாதித்ததைச் சங்கீதத்தில் செலவு செய்தவர். சொந்தக் காசில் சங்கீத மாநாடுகள் நடத்தினார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய், தன் சுருதிக் கணக்கைச் சொன்னதோடு நிற்காமல், தன் வீட்டுப் பெண்களைக் கொண்டே நிரூபித்துக் காட்டினார். 1917-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் 'கருணாமிர்த சாகரம்'. சொந்த அச்சுக்கூடத்தில் அச்சானது. மின்சார அச்சுக்கூடம்!

அவருடைய வாதத்தில் எனக்கு வேண்டிய பகுதி இதுதான். ஒரு ஸ்தாயியை 22 சுருதியாகப் பிரிக்கும் வழக்கத்தை அவர் மறுத்தார். பழந்தமிழர் முறையில் அது 12 சமமான சுரங்கள், அதை மேலும் பிரித்தால் 24 என்றார். இதில் பண்டிதர்களுக்குள் இன்றைக்கும் சண்டை உண்டு. நமக்கு வேண்டியது 'சமமான' என்கிற வார்த்தை.

வட்டி கட்டுகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். கீழ் ஸட்ஜத்துக்கும் மேல் ஸட்ஜத்துக்கும் அதிர்வு சரியாக இரண்டு மடங்கு. நடுவில் 12 படி. ஒவ்வொரு படியும் முந்தையதைவிடச் சுமார் 6 சதவீதம் அதிகம். கூட்டு வட்டி! ஆறு சதவீதத்தில் பணம் போட்டால் 12 வருஷத்தில் இரட்டிப்பாகும் என்று பாங்கில் சொல்வார்களே, அதே கணக்கு. சீனாவில் சூ ஸாயூ என்ற இளவரசர் 1584-லேயே இந்தக் கணக்கைத் துல்லியமாகப் போட்டுவிட்டார்.

படிகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால்தான் ஒரு பாட்டை அப்படியே தூக்கி இரண்டு படி மேலேயோ மூன்று படி கீழேயோ வைக்க முடியும்; முகம் மாறாது. டிரான்ஸ்போஸ் பட்டனின் ரகசியம் இவ்வளவுதான். தஞ்சாவூர்ப் பண்டிதர் இருந்திருந்தால் என் மகன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்திருப்பார். என்னைப் பார்த்து ஏதாவது லேகியம் எழுதிக் கொடுத்திருப்பார்.

* * *

இதையெல்லாம் நான் உட்கார்ந்து யோசித்ததற்குக் காரணம் உண்டு. போன வருஷம் அம்மாவுக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி. ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. ''பேச்சு வந்துடும். மேல் ஸ்தாயி மட்டும் பழையபடி வருமான்னு சொல்ல முடியாது'' என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். தொண்டையை இழுத்துப் பிடித்து உச்சத்துக்கு ஏற்றுகிற நரம்பு ஒன்று தைராய்டை ஒட்டியே ஓடுகிறதாம்.

பேச்சு வந்தது. ஒரு மாதம் கழித்து ஜெபத்தில் பல்லவியை எடுத்தார். மேலே போகிற இடத்தில் குரல் சடக்கென்று உடைந்து காற்று மட்டும் வந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி அதே இடம்.

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். ''நீங்க பாடுங்கய்யா'' என்றார்.

அதற்குப் பிறகு அம்மா பாடவில்லை. பாயில் வந்து உட்காருவார், வசனம் கேட்பார், 'ஆமென்' சொல்வார். பாட்டு நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். 'இன்னும் ரெஸ்ட் எடுங்க, வந்துடும்' என்றோம். ''வராதுய்யா. அறுபது வருசமாப் பாடியாச்சு. போதும்னு ஆண்டவர் நினைச்சிருப்பார்'' என்றார். அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று ஜெபம் வரவில்லை. ஆண்டவரோடு கொஞ்சம் சண்டை போட்டேன். ஒரு கிழவியின் நாலு சுரத்தை எடுத்து அவருக்கு என்ன லாபம்?

தலைவர் இல்லாத கொயர் எப்படியிருக்கும்? மொபைலில் பாட்டைப் போட்டு, கூடவே முணுமுணுத்தோம். மொபைல் நன்றாகப் பாடியது. நாளடைவில் அது மட்டுமே பாடியது. கீழே மாமா ரேடியோவை அணைப்பதை நிறுத்திவிட்டார். ''பாட்டி ஊருக்குப் போயிருக்காளா?'' என்று மாடிப்படியில் கேட்டார்.

சர்ச்சிலும் இதே கதை. திரையில் புரொஜெக்டரில் பாட்டு ஓடும். ஒரு ஞாயிறு ஃபான்ட் தகராறு. தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தது. முந்நூறு பேரும் கப்சிப். முன்பெல்லாம் இப்படி நடந்தால் அம்மாவின் ஐந்து கட்டைதான் எங்களைக் கரை சேர்க்கும். அன்று அம்மாவும் சும்மா உட்கார்ந்திருந்தார்.

அன்று ராத்திரி ஜெபத்தில், என்னைக் கேட்காமலே பையன் பெட்ஷீட்டை விலக்கினான். நான் வாயைத் திறப்பதற்குள், ''ரெண்டு நிமிஷம்ப்பா'' என்றான். அம்மாவின் அதே சங்கராபரணம். பட்டனை ஒரு தடவை அமுக்கினான். ''ஆச்சி, பாடுங்க.'' அம்மா தலையை ஆட்டினார். இன்னொரு தடவை. ''இப்ப?'' அம்மா சுவரைப் பார்த்தார். இன்னொரு தடவை. ஐந்து கட்டையிலிருந்து மூன்று படி கீழே, மூன்று கட்டை.

கூடவே பெண்ணும் எடுத்துக்கொடுத்தாள். பல்லவி முடிந்தது. அனுபல்லவியில் ஒரு கரகரப்பு சேர்ந்துகொண்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடுமோ என்று பயம். குரல் உடையும் அந்த இடம் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தாண்டிவிட்டது.

மூன்று கட்டையில் இன்னொரு சௌகரியம், எனக்கும் எட்டியது! இத்தனை வருஷமாக உதட்டை மட்டும் அசைத்தவன் முதல் தடவையாக அம்மாவோடு சேர்ந்து வாயைத் திறந்து பாடினேன். கடைசிச் சரணத்தில் எனக்கு வார்த்தை தடுமாறியது. வார்த்தை தெரியாமல் இல்லை. அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். வழக்கம்போலப் புத்தகத்தைத் திறக்காமல்.

அன்றைக்கு ஜெபம் செய்ய வேண்டியது என் முறை. ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. ஆண்டவரோடு போட்ட சண்டையை வாபஸ் வாங்குகிறேன் என்று மட்டும் மனசுக்குள் சொன்னேன். பையன் காலில் கொசு கடித்தது. நானே அடித்தேன்.

இப்போது வீட்டுக்குள் எந்தப் புது சாமான் வந்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது எங்கள் வாயைத் திறக்க வைக்குமா, மூட வைக்குமா? காதில் மாட்டும் சமாசாரங்களுக்கு ஜெப நேரத்தில் தடை. கீபோர்டுக்கு பெட்ஷீட் கிடையாது.

மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்பி இறங்கினேன். மாமா மாடிப்படியில் காத்திருந்தார்.

''நேத்து சுருதி மாறியிருக்கே. மூணு கட்டையா?''

அசந்து போனேன். ''ஆமா மாமா. எப்படி?''

''அஞ்சு வருஷமாக் கேக்கறேனே! பாட்டிகிட்ட சொல்லு, மூணு கட்டை ரொம்ப சுகம். அஞ்சுல கொஞ்சம்... கத்தற மாதிரி இருக்கும்.''

சாயங்காலம் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

''ரேடியோவுல தினம் காலையில ஒருத்தர் இழுக்காரே, அவருக்கும் அந்தப் பட்டனை அமுக்கலாமான்னு மாமாட்ட கேளுய்யா!''